முன்வண்டிக்கு ஒரு மூச்சு

"ஆடு ஏறி மிதிச்சதுன்னா சொல்றீங்க?"

"ஆடுதான். வேற யாரு என் வண்டி மேல ஏறுவா?" என்றாள் ரய்யா. "இந்த மனுஷன் பானெட்டைத் திறந்து போட்டுட்டுத் தண்ணி எடுக்கப் போயிருக்கார். கிடா துள்ளி ஏறி, சரியா அந்தப் பெட்டி மேலயே நின்னுக்கிட்டு அசை போட்டிருக்கு."

"கிடா இல்ல, பெட்டை" என்றான் ஸுவைலிம், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தபடி. "அந்தக் காது கிழிஞ்ச பெட்டை. சொல்றதைச் சரியாச் சொல்லு."

"பெட்டைன்னா பெட்டி உடையாம இருந்திருக்குமாக்கும்."

மெக்கானிக் பஷீர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தான். உடைந்து இரண்டாகக் கிடந்த ஏர் ஃபில்டர் பெட்டியை ஒருமுறை சேர்த்துப் பார்த்தான், சேரவில்லை. மூலைக்கு வீசிவிட்டு உள்ளே போனான்.

மணல்காட்டு விளிம்பு ஊரான பிதியாவின் பட்டறைத் தெரு அந்த மத்தியானத்தில் பாதித் தூக்கத்தில் இருந்தது. பேரீச்சை அறுப்பு முடிந்து, ஜனங்கள் தோப்பைவிட்டு மணலுக்குத் திரும்புகிற காலம். ஒட்டகங்களோடு ஆண்கள் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள். பாய், படுக்கை, ஆடு, தண்ணீர்ப் பீப்பாய் என்று வீட்டையே தூக்கிக்கொண்டு பின்னால் போவது பெண்கள் ஓட்டும் பிக்கப் வண்டிகள்தான். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் முகமூடி கட்டிய ஒருத்தியாவது நின்று, சக்கரத்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஸுவைலிம் இந்த வருஷம் முழங்காலைத் திருகிக்கொண்டான். அதனால் ஒட்டகத்தோடு போக முடியாமல், பெண்டாட்டி வண்டியில் பக்கத்து சீட்டுக்காரன் ஆகிவிட்டான். அந்த வருத்தத்தில் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருந்தான்.

பஷீர் இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஒன்று, எங்கோ கவிழ்ந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய கறுப்புப் பெட்டி. மற்றது புதுசு. பளபளக்கிற குழாய், அதன் நுனியில் சிவப்புத் துணியில் கூம்பு. வெயில் பட்டு அது மாதுளம்பழம் மாதிரி மின்னியது.

"இது கம்பெனிப் பெட்டி" என்று கறுப்பைத் தட்டினான். "மூடி இருக்கு, கிளிப் இருக்கு, உள்ளே காகித ஃபில்டர். மட்கார்டுக்குள்ளருந்து குளிர்ந்த காத்தா இழுக்கும். புழுதியில பாதியைத் திருப்பத்துலயே கீழே கொட்டிரும். ஆனா சளி பிடிச்சவன் மாதிரிதான் மூச்சு விடும்."

"அந்தச் சிவப்பு?"

"இது வெளியில செஞ்சது. பெட்டியே கிடையாது. எண்ணெய் போட்ட துணி. வாயைத் திறந்து குடிக்கும். மேட்டுல ஏறும்போது பின்னாலருந்து யாரோ கை கொடுத்துத் தள்ளுறாப்ல இருக்கும். சத்தத்தைக் கேட்டீங்கன்னா விடவே மாட்டீங்க."

"புழுதி?" என்றான் ஸுவைலிம்.

"புழுதி..." பஷீர் தலையைச் சொறிந்தான். "வரிசையில பின்னால போறவங்களுக்கு இதை நான் கொடுக்கவே மாட்டேன். முன்னால போற வண்டிக்கு ஏது புழுதி?"

அந்தச் சொல் ரய்யாவுக்குள் ஒரு குவளைக் குளிர்ந்த தண்ணீர் போல இறங்கியது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுடையது கடைசி வண்டி. முன்வண்டி எப்போதும் ஸுவைலிமின் அக்கா ஷம்ஸாவுடையது. நடுவில் ஷம்ஸாவின் இரண்டு மருமகள்கள். எல்லோருடைய புழுதியும் வந்து சேருகிற இடத்தில் ரய்யா. புதைந்தவர்களைத் தோண்டி எடுப்பதும், விழுந்த பாயைப் பொறுக்குவதும், அவிழ்ந்து ஓடிய ஆட்டைப் பிடிப்பதும் கடைசி வண்டியின் வேலை. மணலைவிட்டு வந்து மூன்று நாள் கழித்தும் அவள் காதில் மணல் இருக்கும். இந்த வருஷம் ஷம்ஸாவின் கண் மங்கிவிட்டது. "ஏட்டி, இந்தத் தடவை நீ முன்னால போ" என்று போன வாரம் தோப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சொன்ன வாயாலேயே, "வாசல் மேட்டை ஒரே மூச்சுல ஏத்திக் காட்டு. இல்லேன்னா நஸ்ராதான் இனிமே முன்வண்டி" என்றும் சொன்னாள். நஸ்ரா மூத்த மருமகள். வாசல் மேடு, குடிசைகளுக்குப் போகும் வழியை மறித்து நிற்கிற மணல் மேடு.

"ரய்யா, இங்க பாரு" என்றான் ஸுவைலிம். "ஒட்டகத்துக்கு மூக்கு எப்படி? வேணும்னா திறக்கும், வேணாம்னா மூடும். அது படைச்சவன் போட்டு அனுப்பின கம்பெனிப் பெட்டி. எந்த ஒட்டகமாவது மூக்கைக் கழட்டி எறிஞ்சிட்டுச் சிவப்பா ஒண்ணு மாட்டிக்கிட்டு அலையுதா?"

"ஒட்டகத்துக்கு வாசல் மேட்டுல நாத்தனார் இல்ல."

"நமக்கு இருக்கிறது ஒரு வண்டி. எஞ்சின் மணலைத் தின்னுச்சுன்னா தீர்ந்தது. அப்புறம் ஊருக்குள்ள சிமெண்டு வீட்டுல, என் தங்கச்சி வீட்டு ஏசி சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

"இந்தக் கிழட்டு எஞ்சின் சளியோட போய் மேட்டுல நின்னுச்சுன்னாலும் தீர்ந்ததுதான். சாகிற வரைக்கும் நஸ்ரா புழுதி."

"போன வருஷம் ஏறுச்சே?"

"மூணு வண்டி போட்ட தடத்துல ஏறுச்சு. முன்வண்டிக்குத் தடம் யாரு போட்டு வச்சிருக்கா?"

ஸுவைலிம் பஷீரைப் பார்த்தான். "நீ சொல்லு. உன் பொண்டாட்டி வண்டின்னா எதைப் போடுவே?"

"என் பொண்டாட்டி சியால்கோட்டுல இருக்கா. பஸ்ஸுல போறா" என்றான் பஷீர். "ஒண்ணு சொல்றேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது. சிவப்பு, எஞ்சினுக்குப் பக்கத்துல திறந்து கிடக்கும். நின்னு நின்னு போனீங்கன்னா சூட்டுக் காத்தைத்தான் குடிக்கும். ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அதுக்கு மரியாதை."

"ஓடிக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள் ரய்யா. "சிவப்பை மாட்டு."

*

மணல் தொடங்குகிற விளிம்பில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், நான்கு வண்டிகளும் நின்று, மணலில் புதையாமலிருக்கச் சக்கரத்துக் காற்றைக் கொஞ்சம் இறக்கின. பதினாறு சக்கரங்களும் பாம்பு போலச் சீறிக்கொண்டிருந்தன. ஆடுகள் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஷம்ஸா ஏலக்காய் மணக்கும் காப்பியைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, பேரீச்சையோடு சுற்றுக்கு விட்டாள். வண்டியில் சாய்ந்தபடி, ரய்யாவின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டீ இது, எஞ்சினுக்கு உதட்டுச் சாயம் பூசி வச்சிருக்கே?"

"மூச்சுக்கு, மதினி."

"நானெல்லாம் கம்பெனி மூக்கோடதான் ஓட்டினேன்."

"உங்க வண்டி அப்போ புதுசு."

"அப்போ நானும்தான் புதுசு." ஷம்ஸா கிண்ணத்தை ஆட்டி, போதும் என்று காட்டினாள். "ஏலே ஸுவைலிம், இவ பக்கத்துல உட்கார்ந்து வாயை மூடிட்டு வா. முன்வண்டியில பேச்சு ஆகாது."

"எனக்கு எந்த வண்டியிலதான் பேச்சு ஆகும்?" என்றான் ஸுவைலிம்.

ரய்யா சாவியைத் திருப்பினாள். பஷீர் சொன்னது பொய்யில்லை. பழைய எஞ்சின் இதுவரை கேட்டிராத குரலில் உறுமியது. பள்ளத்தாக்கின் வாயில் ஒரு பெரிய மிருகம் உறக்கம் கலைந்து கொட்டாவி விட்டாற்போல இருந்தது. பின்னால் ஆடுகள் அத்தனையும் வாயடைத்து நின்றன.

அப்புறம் நடந்தது அவளுக்குப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் கனவோ என்று தோன்றும். அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. மணல் ராத்திரியெல்லாம் காற்றில் தன்னைத் தானே மெழுகிக்கொண்டு, ஒரு வரி அழியாமல் கிடந்தது. வண்டின் காலடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வலப்பக்க மேடுகள் ரோஜா நிறத்திலும் இடப்பக்கத்தவை சாம்பல் நிறத்திலும் இருந்தன. போகப் போக இரண்டும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கிக்கொண்டன. எத்தனையோ வருஷம் இந்த வழியாகப் போய்வந்தவள்தான். ஆனால் அவள் கண்டதெல்லாம் ஒரு மஞ்சள் திரையும் அதற்குள் மினுக்குகிற ஒரு சிவப்பு விளக்கும்தான். வழியில் இத்தனை வன்னி மரங்கள் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மரத்தடியில் மான் ஒன்று நின்று அவளையே பார்த்தது. அது ஓடவில்லை.

"மான்" என்றாள்.

"பார்த்தேன்" என்றான் ஸுவைலிம் மெதுவாக.

"இதெல்லாம் எப்பவும் இங்கயேதான் இருந்ததா?"

"நான் ஒட்டகத்து மேலருந்து பார்த்திருக்கேன். நீ பார்த்திருப்பேன்னுதான் நெனச்சேன்."

"நான் உங்க அக்கா பிட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிழவி ஆயிட்டேன்."

ஸுவைலிம் சிரிப்பை அடக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டான். ரய்யா கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள். காற்று ஈரமாக, லேசாக உப்புக் கரிக்க, எங்கோ கிழக்கே இருக்கும் கடலை நினைத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் அதைக் குடித்தது, அவளும் குடித்தாள். எது வண்டியின் மூச்சு, எது தன்னுடையது என்று கொஞ்ச நேரம் அவளுக்கே பிடிபடவில்லை.

வாசல் மேடு எதிரே எழுந்தது. அதைத் தாண்டினால் நீளமான பள்ளத்தாக்கு. அதன் முடிவில் அவர்கள் குடிசைகள். ரய்யா கியரை மாற்றி, மிதித்தாள். சிவப்புக் கூம்பு கர்ஜித்தது. வண்டி மேட்டின்மேல் படகு அலைமேல் ஏறுவது போல ஏறியது. தடமில்லாத மணல், இளகிய மணல், ஆனாலும் ஏறியது. பாதி ஏறியாயிற்று. முக்கால் ஏறியாயிற்று. உச்சிக்கு இன்னும் நான்கு வண்டி நீளம்தான்.

அப்போது அவள் கண் பின்கண்ணாடிக்குப் போனது.

அவள் தெரிந்து செய்யவில்லை. எத்தனை வருஷத்துப் பழக்கம்! மேட்டில் பாதிக்கு மேல் வந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கிற கண் அது. கண்ணாடியில் புழுதிதான் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. கடைசி வண்டியில் இருப்பவள் யாராவது தெரியவில்லை என்றால் என்ன செய்வாள்? நிறுத்துவாள்.

ரய்யாவின் கால் பிரேக்கை மிதித்தது.

"ஏய்! ஏய்! நிறுத்தாதே!" என்று ஸுவைலிம் கத்தியபோது வண்டி நின்று, பின்சக்கரம் இரண்டும் மெத்தையில் உட்காருவதுபோல மெல்ல அமிழ்ந்திருந்தது.

பின்னால் நஸ்ரா, முன்வண்டி நின்றதைக் கண்டு நின்றாள்; புதைந்தாள். அவளுக்குப் பின்னால் சின்ன மருமகள் ஸய்யானா நின்றாள், புதைந்தாள். கடைசியில் ஷம்ஸா. பிறந்ததிலிருந்து யார் புழுதியிலும் வண்டி ஓட்டியிராதவள். முன்னால் போகிற வண்டியை ஒட்டினாற்போல வந்தவள், ஒன்றும் தெரியாமல் தடத்தைவிட்டு விலகி, மேட்டின் கன்னத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றாள். அவள் வண்டி ஆடுகள் ஒரு பக்கமாக ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கத்தின.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள்ளிருந்து முதலில் வந்தது ஷம்ஸாவின் குரல்.

"ஏட்டி! முன்வண்டி நிக்குமா? எந்த ஊர்லயாவது முன்வண்டி நிக்குமா?"

"உங்களைக் காணோம்னு நிறுத்தினேன் மதினி!"

"என்னை ஏன்டி தேடுறே? பின்னால வர்றவளை முன்னால போறவ தேடுவாளா? நான் ஒரு நாளாவது உன்னைத் திரும்பிப் பார்த்திருக்கேனா?"

"இல்ல" என்றாள் ரய்யா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று இருவருக்குமே தெரிந்தது.

நஸ்ரா இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஷம்ஸா ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அவள் சக்கரம் இன்னும் ஆழமாகக் குழி பறித்தது.

"மிதிக்காதீங்க!" என்று ரய்யா கத்தினாள். "எஞ்சினை அணைச்சிட்டு இறங்குங்க. அந்தப் பக்கமா இறங்காதீங்க, வண்டி மேல சாயும்!"

ஷம்ஸா சொன்னபடி இறங்கினாள். அவளுக்கு யாரும் இப்படி உத்தரவு போட்டதில்லை. ரய்யா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் சக்கரத்துக்குப் பின்னால் மணலைக் கையால் வாரி ஒதுக்கினாள். பாயை விரித்துப் போட்டாள். மிதிக்காமல், கிளட்சை மட்டும் விட்டு, வண்டியைப் பின்னால் நழுவவிட்டு மீட்டாள். இது அவளுடைய வேலை. கைக்குத் தெரியும், கண்கூட வேண்டாம். கயிற்றை எடுத்து நஸ்ரா வண்டியில் கட்டி, ஸுவைலிமின் பக்கம் திரும்பினாள்.

அவன் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புக் கூம்பு இப்போது மணல் நிறத்தில் இருந்தது. எண்ணெயோடு புழுதி குழைந்து சேறாக அப்பியிருந்தது.

"மூணு வண்டியை இழுக்கணும்" என்றான். "நிக்க நிக்க, புழுதிக்குள்ள. இது தாங்காது ரய்யா."

"வேற வண்டி எது புதையாம இருக்கு?"

"நம்மளுது மட்டும்தான்."

"அப்போ?"

ஸுவைலிம் தன் தலைப்பாகையை அவிழ்த்தான். ஊதாப் பூ வேலை செய்த காஷ்மீர்த் துணி. பெருநாளுக்கும் பயணத்துக்கும் மட்டும் கட்டுவது. அதை இரண்டாக மடித்து, கூம்பின்மேல் சுற்றி, குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல முடிச்சிட்டான். அவனுடைய நரைத்த தலையை ஷம்ஸாவின் மருமகள்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். ஸய்யானா மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இனி மூச்சு முட்டும். மெதுவா இழு" என்றான்.

மெதுவாகத்தான் இழுத்தாள். முதலில் நஸ்ரா, அப்புறம் ஸய்யானா. வெயில் ஏறியது. ஷம்ஸாவின் வண்டியை இழுக்குமுன் ஆடுகளையெல்லாம் இறக்கவேண்டியிருந்தது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நஸ்ராவும் ஸய்யானாவும் தொற்றிக்கொள்ள, ரய்யா அங்குலம் அங்குலமாக இழுத்தாள். கர்ஜனை போய், துணிக்குள்ளிருந்து முனகல்தான் வந்தது. வண்டி நிமிர்ந்து தடத்துக்கு வந்தபோது ஷம்ஸா மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகமூடியின் மடிப்புகளில் எல்லாம் மஞ்சள் தூள்.

"இப்படித்தான் வருவியா நீ?" என்றாள். "இவ்வளவையும் தின்னுக்கிட்டா?"

"துப்பிட்டு வருவேன்" என்றாள் ரய்யா.

"நீ எங்கயாவது நின்னு சாப்பிட்டுட்டு வர்றேன்னு நெனச்சேன். எப்பவும் பிந்தியே வருவே."

ரய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறு எதுவோ வந்தது. ஆட்டைப் பிடிக்கிற சாக்கில் எழுந்து போனாள்.

ஸுவைலிம் துணியை அவிழ்த்து, கூம்பைக் கழற்றி, குழாய்க்குள் விரலைவிட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தான். விரல் நுனியை ரய்யாவிடம் நீட்டினான். அவள் அதைத் தன் விரலில் வாங்கிப் பல்லில் தேய்த்தாள். நறநறவென்றது.

"உள்ள போயிருக்கு" என்றாள்.

"கொஞ்சம்தான். துணி கட்டுறதுக்கு முந்தி போனது. உயிருக்கு ஆபத்து இல்ல." அவன் குழாயைச் சட்டை முனையால் துடைத்தான். "முன்வண்டிக்கு ஏது புழுதின்னானே, அந்தச் சியால்கோட்டுக்காரன்."

"அவன் சொன்னது சரிதான். நிக்காம, திரும்பிப் பார்க்காம, திரும்பி வராமப் போறவளுக்குப் புழுதி இல்லதான்." ரய்யா கூம்பைச் சக்கரத்தில் தட்டினாள். சேறு உதிரவில்லை. "என்னால அது ஆகாது. குடிசையில எல்லாத்தையும் இறக்கினதும், அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிட்டு வந்துருவோம்."

"அப்போ முன்வண்டி வேணாமா?"

"யாரு சொன்னா வேணாம்னு? முன்னால போறவளுக்குத்தான் அந்தப் பெட்டி வேணும். எத்தனை தடவை திரும்பி வர வேண்டியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஸுவைலிம் திருத்த வாயெடுத்தான். திருத்த ஒன்றுமில்லை.

ஷம்ஸா எழுந்து வந்தாள். பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி. சொன்ன சொல் சொல்லுதான். ஒரே மூச்சுல ஏறல. நஸ்ரா முன்னால போகட்டும்."

நஸ்ரா மாமியாரைப் பார்த்தாள், ரய்யாவைப் பார்த்தாள், தன் சக்கரம் கிடந்த குழியைப் பார்த்தாள். "நான் போகமாட்டேன் மாமி" என்றாள். "நான் புதைஞ்சா நீங்க இழுப்பீங்களா?"

ஷம்ஸா மடியைத் துழாவினாள். ஒரு சுறாக் கருவாட்டுத் துண்டை வாயில் போட்டு, அதை மென்று முடிக்கும்வரை மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடீ" என்றாள் கடைசியில், ரய்யாவைப் பார்த்து. "ஆனா நிறுத்தினே... பார்த்துக்க."

ரய்யா கீழே வெகுதூரம் பின்னால் போய், அங்கிருந்து ஓட்டமாக வந்தாள். துணி இல்லை, கூம்பில் பாதி அடைப்பு. இருந்தாலும் இப்போது மேட்டில் தடம் இருந்தது, அவளே போட்ட தடம். கண் ஒருமுறை கண்ணாடிக்குப் போனது. காலை மட்டும் அவள் போகவிடவில்லை. உச்சியில் வண்டி ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்று, அப்புறம் தலைகுனிந்து அந்தப் பக்கம் இறங்கியது. அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மூன்றும் இறங்கின.

கீழே பள்ளத்தாக்கு ஆற்றுப்படுகை மாதிரி அகலமாக, கெட்டியாக, முடிவே இல்லாமல் கிடந்தது. இங்கேயும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போவார்கள். முன்வண்டியை யாரும் முந்துவதில்லை, பக்கத்திலும் வருவதில்லை. அது மரியாதை. ரய்யா வேகத்தைக் குறைத்தாள். கையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி, பக்கவாட்டில் அசைத்தாள்.

"என்ன பண்றே?" என்றான் ஸுவைலிம்.

"பக்கத்துல வரச் சொல்றேன்."

"வழக்கம் இல்லையே."

"முன்வண்டி நான்தானே? நான்தான் கூப்பிடுறேன்."

நஸ்ரா தயங்கித் தயங்கி இடப்பக்கம் வந்தாள். அவளுக்கு அப்பால் ஸய்யானா. வலப்பக்கம் கடைசியாக, ஷம்ஸா. நான்கு வண்டிகளும் தோளோடு தோளாக ஓடின. நான்கு புழுதியும் யாருக்கும் சொந்தமில்லாமல் பின்னால் எழுந்து, வெயிலில் கலந்து, காணாமல் போயின. மேடுகள் இருபுறமும் தூக்கத்தில் புரளுவதுபோல மெல்ல மெல்லப் பின்னால் நழுவின.

ரய்யா வலப்பக்கம் திரும்பினாள். ஷம்ஸா ஓட்டும்போது அவள் முகத்தை ரய்யா ஒருநாளும் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்திருந்தாள். முகமூடியைத் தூக்கி நெற்றியில் விட்டிருந்தாள். உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"மதினி! யார்கூடப் பேசுறீங்க?"

"பேசலடி! பாடுறேன்!"

"முன்னால போறப்பவும் பாடுவீங்களா?"

"பின்னே? பாடாம எப்படிப் போறது, அம்மாடி?" என்று ஷம்ஸா காற்றுக்கு மேல் கத்தினாள். "எனக்கு முன்னால யாரு இருந்தா? பயத்துல செத்துருப்பேன்! நீயும் பாடேன்!"

ரய்யாவுக்குப் பாட்டு வராது என்றில்லை. வண்டி ஓடும்போது வாயைத் திறந்து பழக்கமில்லை. முகமூடியைத் தூக்கினாள். ஸுவைலிம் அவளைப் பார்த்தான்.

அவள் வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் சும்மாவே திறந்து வைத்திருந்தாள்.

மணல் எதுவும் உள்ளே வரவில்லை. அப்புறம்தான் குரல் வெளியே வந்தது.